வாத்தியார் பிடிக்கிற வண்டி

சாம்பாரை நான் வேண்டுமென்று கொட்டவில்லை. தூக்குச் சட்டியின் மூடி லூஸாக இருந்தது. சாலையில் ஓர் ஆடு இருந்தது. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடுகிற வண்டியில் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, முன்பக்க டேஷ்போர்டுத் தட்டில் இலை விரித்து இட்லி சாப்பிடுவதை ஒரு கௌரவமாக நினைக்கிற ஆசாமி ஒருவன் உள்ளே இருந்தான். வெள்ளைக்கல்மேடு பள்ளிக்கூடத்தின் வாசல் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் ஆடு குறுக்கே வந்தது. வண்டி நின்றுவிட்டது. சாம்பார் நிற்கவில்லை.

முருங்கைக்காய் உட்பட மொத்தமும் தட்டின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கியது. வண்டி ஒருதரம் இருமியது. "தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று சொல்லிவிட்டு, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டது. நான் கதவைத் திறந்து இறங்கி நின்றேன். ஆடு வந்து இலையைத் தின்றுவிட்டுப் போயிற்று.

கோயம்புத்தூரிலிருந்து மெக்கானிக் வர நாலு நாள் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் அடுத்தடுத்து இரண்டு நாள் இருந்தது கிடையாது.

என் பெயர் பொன்னுரங்கம். கணக்கு ஆசிரியர். எந்த ஊரில் வேலை என்று யாராவது கேட்டால், எந்தக் கிழமையில் என்று திருப்பிக் கேட்பேன். முன்பெல்லாம் பணி நிரவல் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். பிள்ளைகள் குறைந்த பள்ளியில் உபரியாக இருக்கும் ஆசிரியரை, ஆள் இல்லாத பள்ளிக்கு மாற்றுவார்கள். அவரும் ஆள் பிடித்துப் பார்ப்பார், இடுப்பு வலிக்கு மருத்துவச் சான்றிதழ் வாங்கிப் பார்ப்பார், கடைசியில் பெட்டியைக் கட்டுவார். இப்போது அந்த நிரவல் தினமும் நடக்கிறது. மாநிலத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு இருக்கிற ஆசிரியர்கள் போதவில்லை. புதிதாக ஆள் எடுத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும்; இருக்கிறவர்களை ஓடவிட்டால் பேட்டரி சார்ஜ் செய்தால் போதும் என்று ஒரு புத்திசாலி கண்டுபிடித்தார்.

தினமும் சாயங்காலம் மாநிலத்தின் அத்தனை பிள்ளைகளும் டேப்லெட்டில் பாடத்துக்கு ஐந்து கேள்விக்கு விடை தொடுவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை இருக்கும், ஒன்றைத் தொட வேண்டும். எந்தப் பள்ளியில் எந்தப் பாடம் புரியவில்லை என்று சென்னையில் ஒரு இயந்திரம் கூட்டிக் கழித்துப் பார்க்கும். விடிவதற்குள் அந்தப் பாடத்து ஆசிரியரின் வண்டிக்கு உத்தரவு வந்துவிடும். புரிந்துவிட்ட ஊரில் அவருக்கு வேலை இல்லை. 'காலிப் பணியிடமே இல்லாத மாநிலம்' என்று பஸ் ஸ்டாண்டுதோறும் தட்டி வைத்திருக்கிறார்கள். பொய் என்று சொல்லமாட்டேன். காலியிடம் எதுவென்று கண்டுபிடிக்க முடியாதபடி நாங்கள் எல்லாரும் போய்க்கொண்டே இருக்கிறோம்.

இந்த வாழ்க்கையில் ஒரு வசதி உண்டு. ஆசிரியருக்கு ஒரே ஒரு ஜோக் போதும். நான் எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும் போர்டில் பெரிதாக ஒரு பூஜ்யம் வரைந்து, "இது யாரு?" என்று கேட்பேன். பதில் வராது. அப்படியே திரும்பி, குனிந்து, என் வழுக்கையைக் காட்டுவேன். ஐந்து வருடமாக மாநிலம் முழுக்கச் சிரித்திருக்கிறது.

வெள்ளைக்கல்மேட்டில் முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் காலையில் சாக்பீஸை எடுத்து வட்டத்தைப் பாதி வரைந்திருப்பேன், முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், வழுக்கை நேத்தே காட்டிட்டீங்க."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. நேற்றுப் பார்த்த முகங்கள். நேற்று என்னைப் பார்த்த முகங்கள். கையில் வேறு ஜோக் இல்லை. வேறு வழியில்லாமல் பாடம் நடத்தினேன்.

அந்தப் பெண்ணின் பெயர் மிதுனா. ஏழாவது. ஆறு முதல் எட்டு வரை மொத்தமே இருபத்திரண்டு பேர், எல்லாரையும் ஒரே அறையில் சேர்த்து உட்கார வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். அந்தப் பள்ளிக்கூடத்தில் தினமும் வருகிற பெரிய மனுஷி ஒருத்திதான்: சத்துணவு சமைக்கிற பாப்பாத்தியக்கா. நான் படுக்க அவர்தான் ஸ்டோர் ரூமை ஒழித்துக் கொடுத்தார். "அரிசி மூட்டை மேல மட்டும் சாஞ்சுறாதீங்க சார், எலி இருக்குது" என்று ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்.

வெளியே பார்த்தால் கிளுவை வேலி, அதற்கப்பால் காற்றாலைகள், அதற்கப்பால் தேங்காய் உடைத்துக் காயப்போடுகிற கொப்பரைக் களங்கள். பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப் பேர் களத்தில்தான் இருந்தார்கள். பின்னம் நடத்துவதற்கு நான் தேங்காயை எடுத்ததில் ஆச்சரியமில்லை. மூன்றாம் நாள் தேங்காயை உடைத்து, சில்லு சில்லாகக் கீறி, அரை, கால், முக்கால் என்று பங்கு வைத்தேன். பாடம் முடிவதற்குள் எல்லாப் பின்னங்களையும் தின்றுவிட்டார்கள்.

வாய் நிறையத் தேங்காயோடு மிதுனா கேட்டாள்: "சார், நாளைக்கும் நீங்கதான் வருவீங்களா?"

"வண்டி ரிப்பேரா இருக்கற வரைக்கும் வருவேன்."

"சரியாயிருச்சுன்னா?"

"அது உங்க கையிலதான் இருக்கு. அஞ்சு கேள்வியும் சரியாப் போட்டா சுவத்துல பச்சை லைட் எரியும். பச்சை எரிஞ்சா இங்க எனக்கு என்ன வேலை? வண்டி வந்து என்னை அள்ளிட்டுப் போயிடும், நாய் புடிக்கிற வண்டி மாதிரி."

"வாத்தியார் புடிக்கிற வண்டி!" என்று கடைசி பெஞ்சிலிருந்து நாச்சிமுத்து கத்தினான். எட்டாவது படிக்கிறவன். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது.

"செகப்பு எரிஞ்சாங்க சார்?" என்றாள் மிதுனா. அவள் சிரிக்கவில்லை.

"மறுபடி நானே வந்து நிப்பேன். உங்க தலையெழுத்து."

அதற்கும் சிரித்தார்கள். எனக்கு இரண்டாவது ஜோக் கிடைத்துவிட்டது என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் சிவப்பு எரிந்தது. முந்தின நாள் மஞ்சள் எரிந்த சுவர். சாம்பார் எப்படியோ அந்த லைட்டையும் கெடுத்துவிட்டது என்று நினைத்தேன்.

மெக்கானிக் ஷாஜகான் வந்து வண்டியின் தட்டைக் கழற்றினார். ஒரு முருங்கைக்காய்த் துண்டை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சார், இந்த வண்டில குழம்பு ஊத்தறதுக்குன்னு தனி ஓட்டை கிடையாது."

"தெரியாம நடந்துடுச்சு பாய்."

"சாம்பார் தெரியாமப் போகும். முருங்கக்காய் எப்படி சார் தெரியாமப் போகும்?"

வண்டி கண் விழித்தது. கிளம்பும்போது வழக்கமாகப் பாடுகிற பழைய பாட்டைப் பாடியது. அன்றிரவு தாராபுரத்தில், எங்களைப் போன்ற ஆசிரியர்கள் தங்குகிற விடுதியில் படுத்தேன். காலையில் வண்டி என்னை எங்கே கொண்டுபோகும், கள்ளக்குறிச்சிப் பக்கமா, ஓசூர் பக்கமா என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். அது காற்றாலைகளைக் கடந்து, ஆட்டுக்கு நின்று, வெள்ளைக்கல்மேட்டில் இறக்கிவிட்டது.

அடுத்த நாளும். அதற்கு அடுத்த நாளும். வாரம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று.

விடுதியில் ஓர் இரவு என் அறையில் தங்கிய அறிவியல் ஆசிரியர் ஆரோக்கியசாமிக்குப் பொறாமை தாங்கவில்லை. அவர் பெட்டியை அவிழ்த்து வருடக்கணக்காகிறது. "தினமும் ஒரே ஊராய்யா? என்ன லஞ்சம் குடுத்தே?" என்றார்.

"சாம்பார்," என்றேன்.

நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். வண்டியின் மூளையில் பருப்பு ஏறி, ஒரே தடத்தில் ஓடுகிறது. எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, திருட்டுத்தனமாகவும் இருந்தது. ஒவ்வொரு காலையும் ஏறினதும் கேட்பேன்: "இன்னைக்கு எங்கே?"

"தங்கள் கேள்வி பதிவு செய்யப்பட்டது."

"பதில் எப்ப வரும்?"

"தங்கள் இரண்டாவது கேள்வியும் பதிவு செய்யப்பட்டது."

மூன்றாவது வாரம் ஷாஜகானுக்கு போன் போட்டேன். வண்டி பழுதாகத்தான் இருக்கிறது, தயவுசெய்து வந்து பாருங்கள், ஆனால் அவசரம் இல்லை என்றேன்.

"வண்டில ஒண்ணும் இல்ல சார். அதுக்கு மூளையே கிடையாது. மூளை சென்னைல இருக்கு. இதுல இருக்கறது கதவும் பாட்டும்தான்."

"அப்ப ஏன் என்னை இங்கயே கொண்டுவந்து விடுது?"

"அங்க கணக்கு புரியலைன்னு அர்த்தம்."

"மூணு வாரமாவா? அப்ப கோளாறு யார்கிட்ட?"

"அதை நான் சொன்னா நல்லா இருக்காது சார்," என்று போனை வைத்தார்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது நடந்தேன். நடக்கும்போது பின்னம் போட்டேன். கயிற்றை வெட்டினேன், காகிதத்தை மடித்தேன், பாப்பாத்தியக்காவின் அரிசிப் படியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். இருபத்திரண்டு தலைகளும் ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாத ஒரு மாதிரியாக ஆடும். "புரிஞ்சுதா, புரியலையா?" என்பேன். கூரையைப் பார்ப்பார்கள். சாயங்காலம் டேப் வரும். சிவப்பு எரியும். மாநிலம் முழுக்க ஐந்து வருடம் சுற்றியும் எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்பது வெளியே தெரியாமல் இருந்ததற்கு ஒரே காரணம், நான் எங்கேயும் இரண்டாவது நாள் நிற்கவில்லை என்பதுதான் போலிருக்கிறது.

ஐந்தாவது வாரத்தில் வட்டாரக் கல்வி அலுவலர் மரகதவல்லி வந்தார். வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, வகுப்புக்குள் வராமல், என்னை வெளியே கூப்பிட்டார்.

"தமிழ் பச்சை. அறிவியல் பச்சை. சமூக அறிவியல்கூடப் பச்சை. கணக்கு மட்டும் பூஜ்யம் சார்."

என் கை தானாகவே வழுக்கைக்குப் போயிற்று. "குறைவா மேடம்?"

"குறைவு இல்ல. பூஜ்யம். இருபத்திரண்டு பேர், தினம் அஞ்சு கேள்வி, ஒண்ணுகூடச் சரியில்ல."

"நான் நடத்தறது அவ்வளவு மோசமா?"

"அப்படிச் சொல்ல முடியாது. சொல்லாம இருக்கவும் முடியாது. பாக்கலாம் சார்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அஞ்சு வாரம் சேர்ந்தாப்ல சிவப்பு எரிஞ்சா, அந்த இடத்துல ஆசிரியரை விட்டு பிரயோஜனம் இல்லைன்னு முடிவு பண்ணிடுவாங்க. பள்ளிக்கூடத்தை மூடி, பிள்ளைங்களை இருபது கிலோமீட்டர் தள்ளி பெரிய பள்ளிக்கூடத்தோட சேர்த்துடுவாங்க. வெள்ளிக்கிழமை கடைசி. அன்னைக்கு முழுப் பச்சை எரியணும். மஞ்சள்கூடப் போதாது."

"கொஞ்சம் மேல பேசி..."

"பேசிட்டுதான் சார் இருக்கோம். இன்னொண்ணு. உங்களை அனுப்பச் சொல்லி கொல்லிமலைல ஒரு பள்ளிக்கூடம் அஞ்சு வாரமாக் காத்துக்கிட்டு இருக்கு. அங்கயும் சிவப்பு." ஸ்கூட்டரில் ஏறினவர், ஏதோ நினைத்துக்கொண்டு இறங்கினார். "நீங்க கணக்கு வாத்தியார்தானே சார்? அந்தப் பூஜ்யத்தைக் கொஞ்சம் நல்லாப் பாருங்க."

என்ன பார்க்கச் சொல்கிறார் என்று கேட்டேன். பாக்கலாம் சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுப்படியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பாப்பாத்தியக்கா கரண்டியோடு வெளியே வந்தார். "இருவது கிலோமீட்டருக்கு எவ சார் பொட்டப் புள்ளய அனுப்புவா? டிரைவர் இல்லாத பஸ்ஸுல? நம்ம மிதுனாவோட அம்மா இப்பவே கேக்கறா, களத்துக்கு ஒரு கை கொறையுதுன்னு. பள்ளிக்கூடம் மூடினா மக்யா நாளே அவ கையில அருவாளக் குடுத்து தேங்கா ஒடைக்க உக்கார வெச்சுருவாங்க."

மறுநாள் வியாழக்கிழமை மதியம் முட்டை குறைந்துவிட்டது. வந்ததில் சில உடைந்திருந்தன. வரிசையின் கடைசியில் நாலு பேர் நின்றார்கள், சட்டியில் மூன்று முட்டை இருந்தது. பாப்பாத்தியக்கா கையைப் பிசைந்தார். நாலு பேரில் ஒருத்தியான மிதுனா, பாவாடை ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து அறுத்தாள். வேகவைத்த முட்டையை நூலால் கீறினால் மஞ்சள் கரு சிந்தாது. மூன்று முட்டைகளையும் நான்கு நான்காகக் கீறினாள். ஒவ்வொரு தட்டிலும் மூன்று துண்டு வைத்தாள்.

"ஆளுக்கு முக்கால்," என்றாள். யாரும் சண்டை போடவில்லை.

நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். முந்தின நாள் முதல் கேள்வியே அதுதான்: மூன்று பழத்தை நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு? மிதுனா தொட்ட விடை, ஒன்றே கால். மூன்று பழம் வைத்துக்கொண்டு நாலு பேருக்கு ஐந்து பழம் கொடுத்திருந்தாள்.

அந்தப் பூஜ்யத்தை அப்போதுதான் நல்லாப் பார்த்தேன். நாலு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும் நாலில் ஒருதரம் சரியாக விழ வேண்டும். அந்த ஆட்டைக் கூப்பிட்டு மூக்கால் தொடச் சொன்னாலும் விழும். இருபத்திரண்டு பேருக்கு இத்தனை நாளில் ஒன்றுகூட விழவில்லை. இவ்வளவு சுத்தமாகத் தப்புப் போட வேண்டுமென்றால், சரி எதுவென்று தெரிந்திருந்தால்தான் முடியும். நிகழ்தகவு என்ற பாடத்தை மாநிலம் முழுக்க நடத்தினவனுக்கு இது புரிய ஒரு முட்டை தேவைப்பட்டது.

வகுப்புக்குப் போனேன். சாக்பீஸை எடுக்கவில்லை.

"நாச்சிமுத்து, நேத்து முதல் கேள்விக்கு விடை என்ன?"

"ஒண்ணே காலுங்க சார்."

"நீ தொட்டதைக் கேக்கல. விடையைக் கேட்டேன்."

அவன் மிதுனாவைப் பார்த்தான். மிதுனா டெஸ்கைப் பார்த்தாள். "முக்காலுங்க சார்," என்றான்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

மிதுனா எழுந்தாள். "நீங்க தேங்காச் சில்லுல சொல்லிக் குடுத்தீங்கல்லங்க சார், அன்னைக்கே எல்லாத்துக்கும் வெளங்கிருச்சு. ஆறாவது பசங்களுக்கு மட்டும் வரலீங்க."

"அவங்க எப்படி எல்லாம் தப்பாப் போட்டாங்க?"

"அவங்களாலதானுங்க சார் கஷ்டமாப் போச்சு. விட்டா தெரியாம சரியாத் தொட்டுருவாங்க. அதனால காலைல சீக்கிரமே வரச் சொல்லி, நாங்க உக்கார வெச்சு நல்லாச் சொல்லிக் குடுத்தோம். இப்ப அவங்களும் கரெக்டா தப்புப் போடுவாங்க."

ஆறாவது பிள்ளைகள் பெருமையாகத் தலையாட்டினார்கள்.

"யாரு போட்ட திட்டம் இது?"

"நீங்கதானுங்க சார் சொன்னீங்க. பச்சை எரிஞ்சா வண்டி வந்து புடிச்சுட்டுப் போயிரும், செகப்பு எரிஞ்சா நீங்களே வருவீங்கன்னு."

"அது ஜோக்கும்மா."

"எங்களுக்கு அது ஜோக்காத் தெரியலீங்க சார்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு மரகதவல்லி சொன்னது முழுக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். இருபது கிலோமீட்டரைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, நடுநடுவே ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாமா என்று என் வாய் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை.

"அப்ப நாங்க சரியாப் போட்டா நீங்க போயிருவீங்க," என்றாள் மிதுனா. "தப்பாப் போட்டா பள்ளிக்கூடம் போயிரும்."

"ஆமா."

"ரெண்டுலயும் நாங்கதானுங்க சார் தோக்கறோம்."

நாச்சிமுத்து கையைத் தூக்கினான். "மூணு சரி, ரெண்டு தப்புப் போடறோங்க சார். மஞ்ச எரியும். பள்ளிக்கூடமும் இருக்கும், நீங்களும் அடிக்கடி வருவீங்க."

"மஞ்சளும் போதாதுன்னு சொல்லிட்டாங்கடா. அதுவும் தவிர, அங்க மலைல ஒரு பள்ளிக்கூடம் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. நான் இங்க நிக்கற நாளெல்லாம் அங்க கணக்கு இல்ல. அங்கயும் சிவப்புதான் எரியுது."

மிதுனா யோசித்தாள். "அவங்களுது நெசமான செகப்புங்களா சார், இல்ல எங்களுது மாதிரியா?"

"தெரியல."

"நெசமா இருந்தா பாவம்," என்று உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை பாடம் எதுவும் நடத்தவில்லை. அதற்கு அவசியம் இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். களத்திலிருந்து ஒரு தேங்காய் கொண்டுவந்திருந்தார்கள். அதை உடைத்து, பங்கு வைக்காமல், கைக்கு வந்தபடி தின்றோம். சாயங்காலம் டேப் வந்தது. மிதுனா ஐந்து விடையையும் சட்டென்று தொட்டுவிட்டு, டேப்பைக் கவிழ்த்து வைத்தாள். ஆறாவது பிள்ளைகளில் ஒருவன் மட்டும் கடைசிக் கேள்வியில் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். விடை தெரியாததால் இல்லை. வகுப்பே அவனைப் பார்த்தது. "தொடுடா," என்றான் நாச்சிமுத்து, மெதுவாக.

சுவரில் பச்சை எரிந்தது. யாரும் கைதட்டவில்லை. வாசலில் வண்டி மட்டும் வாழ்த்துப் பாட்டுப் பாடியது. ஒரே நாளில் பூஜ்யத்திலிருந்து நூறு. மாநிலத்திலேயே சிறந்த முன்னேற்றமாம். என் பெயரைச் சொல்லிப் பாராட்டியது. அதுவரை ஓர் இயந்திரத்தை உதைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

கை கழுவிவிட்டுப் பையை எடுக்க வகுப்புக்குத் திரும்பினேன். போர்டில் பெரிதாக ஒரு பூஜ்யம். கோணலாக இருந்தது.

"கேளுங்க சார்," என்றாள் மிதுனா.

"இது யாரு?" என்று கேட்டேன்.

இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்று, "நீங்கங்க சார்!" என்றார்கள். வழக்கப்படி திரும்பிக் குனிந்தேன். இந்தமுறை நிமிர்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் எதுவும் வரவில்லை.

வாசலில் மரகதவல்லி நின்றிருந்தார். ஸ்கூட்டர் பஞ்சர், தாராபுரம் வரை வண்டியில் வருகிறேன் என்றார். ஸ்கூட்டரின் இரண்டு டயரும் நன்றாகத்தான் இருந்தன. நான் வண்டிக் கதவைத் திறந்து பிடித்தேன். பாப்பாத்தியக்கா ஓடிவந்து என் கையில் ஒரு தூக்குச் சட்டியைத் திணித்தார். "மூடி கெட்டியா இருக்குது சார், பாத்துட்டேன்," என்றார்.

வண்டி கிளம்பியது. சட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காற்றாலைகள் போகத் தொடங்கின.

"முதல்லயே உங்களுக்குத் தெரியும், இல்லையா மேடம்?"

அவர் தன் டேப்பைத் திருப்பிக் காட்டினார். மாநிலத்தின் வரைபடம். அங்கங்கே சிவப்புப் புள்ளி, வேர்க்குரு மாதிரி. ஒரு பள்ளியில் ஆங்கிலம் மட்டும் பூஜ்யம். ஒன்றில் அறிவியல் மட்டும். இன்னொன்றில் தமிழ்.

"இதுல நிஜமாவே புரியாதவங்க யாரு, ஒரு வாத்தியாரை விடமாட்டேன்னு பிடிச்சு வெச்சிருக்கறவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது சார். தெரியும்னு எழுதினா, ரெண்டாவது வகைப் பள்ளிக்கூடத்தை எல்லாம் உடனே மூடிடுவாங்க. அதனால தெரியாதுன்னே எழுதறோம்."

"நீங்களும் வகுப்பெடுத்தவங்கதானே?"

"ஒரே பள்ளிக்கூடத்துல பதினோரு வருஷம்," என்றார். வரைபடத்தை அணைத்து டேப்பை மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப வண்டி கிடையாது."

ஆடு குறுக்கே வந்தது. அதே ஆடா என்று தெரியவில்லை. வண்டி நின்றது. சட்டி அசையவில்லை. திரும்பிப் பார்த்தால் பள்ளிக்கூடத்தின் பச்சை விளக்கு இன்னும் தெரிந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். பாக்கலாம்னு சொல்லாதீங்க. மேல பேசறோம்னு சொல்லாதீங்க. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் திரும்ப வருவேனா, மாட்டேனா?"

"தங்கள் கேள்வி..." என்று வண்டி ஆரம்பித்தது. மரகதவல்லி கையை நீட்டி அதன் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். ஆடு போய், வண்டி மறுபடி நகர்கிற வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வருவீங்க சார்," என்றார். "நீங்க சொல்லிக் குடுத்ததை அவங்க மறந்துட்டா வருவீங்க."